நிலவறையில் இருந்தவர்கள்

அந்த வருடங்களில் ஒவ்வொரு ஆடி மாதமும் லண்டன் டூட்டிங்கிலிருந்து ஒரு கோச் பஸ் புறப்படும். போவது நகருக்கு வெளியே இருந்த ஒரு கத்தோலிக்கத் துறவிமடத்துக்கு. ஏறுபவர்கள் இலங்கைத் தமிழர்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேர் சைவர்கள். மாதாவும் அம்மன்தானே என்று திருநீற்றோடு வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷும் நிறைய வாயும் இருந்ததால் மைக்கை என் கையில் தந்துவிட்டார்கள்.

மடத்தின் கதையை ஒரு துண்டுப்பிரசுரத்தில் படித்துத்தான் சொல்லுவேன். முதலில் அது கோட்டை. ஆற்றைக் கடக்கிறவர்களைக் கண்காணிக்க ஒரு பிரபு கட்டியது. வாரிசு இல்லாத அவன் சாகும் தறுவாயில் அதைத் துறவிகளுக்கு, எங்கள் பேச்சில் சுவாமிமாருக்கு, எழுதிக் கொடுத்தான். அவர்கள் விருந்து மண்டபத்தைக் கோயிலாக்கினார்கள், அம்பு விடும் துவாரங்களுக்குக் கண்ணாடி போட்டார்கள், கைதிகளை அடைத்த நிலவறையைக் களஞ்சியமாக்கினார்கள். பிறகு ஒரு ராஜா துறவிகளைத் துரத்திவிட, சில நூறு வருடம் கழித்து அவர்களுடைய சபையார் திரும்பி வந்து வாங்கினார்கள். இடம்பெயர்ந்தது நாங்கள் மட்டுமில்லை என்று இந்த இடத்தில் நான் சொல்ல, பஸ்ஸே சிரிக்கும்.

போர் முடிந்த வருடம் ஒருவரும் சிரிக்கவில்லை. முன் சீட்டில் ஒரு அக்கா இருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. அவருடைய தம்பி வன்னியில் ராணுவத்திடம் சரணடைந்தவன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பஸ்ஸில் எல்லோருக்கும் அது தெரியும்.

நிலவறைக்குள் இறங்கியபோது, சுவரில் பதித்திருந்த இரும்பு வளையத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அக்கா என்னிடம் கேட்டார்.

"தம்பி, சுவாமிமார் வரேக்க இஞ்ச உள்ளுக்கு இருந்த ஆக்களுக்கு என்ன நடந்தது?"

பிரசுரத்தில் அது இல்லை. பக்கத்திலேயே மடத்தின் வயதான துறவி ஒருவர் நின்றார். அவரிடம் கேட்டுச் சொல்லியிருக்கலாம். நான் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

"எல்லாரையும் வெளியில விட்டிட்டினம், அக்கா."

அக்கா கைப்பையிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த காசை எடுத்தார். அம்மனுக்கு நேர்ந்து வைத்திருந்தது. அதை அந்த வளையத்தில் கட்டினார். பின்னால் நின்ற நான்கைந்து பேர் தாங்களும் துணி தேடத் தொடங்கினார்கள். இது என்ன என்று துறவி கேட்டபோது, குடும்பத்துக்காக ஒரு வேண்டுதல் என்று மழுப்பினேன்.

மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. குளிர்காலத்தில் அந்தத் துறவிக்கு எழுதிக் கேட்டேன். பழைய ஏடுகளில் தேடிப் பார்த்துப் பொறுமையாகப் பதில் போட்டார். கோட்டையை ஒப்படைப்பதற்கு முன்பு கைதிகளை இன்னொரு கோட்டைக்கு மாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

அடுத்த ஆடியில் இரண்டு கோச். லண்டனின் வேறு மூலைகளான மனோர் பார்க்கிலிருந்தும் ஈலிங்கிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். சுவாமிமார் காலடி வைத்ததும் சங்கிலிகள் தானாகக் கழன்று விழுந்தனவாம் என்று ஒரு அண்ணை எனக்கே கதை சொன்னார். மைக் என் மடியில் கிடந்தது. இத்தனை பேர் கையிலும் மஞ்சள் துணி இருக்கும்போது நான் எதைத் திருத்துவது? அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் முழுக்க என் வாயின் மேல்தான்.

அந்த அக்கா மறுபடியும் முன் சீட்டில் இருந்தார். கோச் இன்னும் டூட்டிங்கைத் தாண்டவில்லை. என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"அவையை விடேக்க வாசலில ஆரும் சொந்தக்காரர் நிண்டவையோ, தம்பி? நான் இஞ்ச இருக்கிறன். அவனுக்கு அங்க ஒருத்தரும் இல்லை."

கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அன்றைக்கு எப்படியும் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கொண்டு வந்திருந்தேன்.

"சுவாமிமார் ஒவ்வொருத்தரையும் வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டவை, அக்கா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.