இடது கால்

என் கையெழுத்து கோணல். அஞ்சாம் வகுப்போடு நின்றவன்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

கர்ப்பப்பை எடுத்த பிறகு என் மனைவி வீட்டில் படுத்தே கிடந்தாள். மகளுக்கு வரன் முடிவாகி, நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அப்போது மனைவியின் இடது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே வீங்கியது. எங்கள் பக்கத்தில் ஒற்றைக் கால் வீங்கினால் யானைக்கால் என்றுதான் சொல்வார்கள். பரம்பரையாக வரும் என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

“பொடவைய எறக்கிக் கட்டு. கல்யாணம் முடியட்டும்” என்றாள் என் அக்கா.

ஒரு நாள் காலையில் மனைவிக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். நானும் அக்காவும் வாடகைக் காரில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விஷயம் தெரிந்து மாப்பிள்ளையின் அம்மாவும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றார்.

சின்ன வயசு டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆபரேஷன் எப்போது நடந்தது, எழுந்து நடக்கிறாளா, இருமினால் ரத்தம் வருகிறதா.

“கால் ஏதும் வீங்குச்சாம்மா?”

மனைவி அக்காவைப் பார்த்தாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பயந்த சுபாவம், அதான் மூச்சு வாங்குது” என்றாள் அக்கா.

“அவங்க சொல்லட்டுங்க.”

“இல்லீங்க” என்றாள் மனைவி. அந்த ஒரு வார்த்தைக்கே மூச்சு போதவில்லை.

“இருக்குங்க. இடது கால்” என்றேன் நான்.

டாக்டரம்மா புடவையை விலக்கி, இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்தார். “மொதல்லயே சொல்ல வேணாமாங்க? கால்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போயிருக்கும் போல” என்று ஊசி போடச் சொல்லி, ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேனிலும் அதுதான் தெரிந்தது. யானைக்கால் இல்லை என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே எடுத்துச் சொன்னார். அந்த அம்மாவும் தலையாட்டினார். பார்வை மட்டும் காலை விட்டு நகரவில்லை.

மனைவி பிழைத்தாள். அவள் வீட்டுக்கு வந்த வாரமே தரகர் வந்து, ஜாதகம் பொருந்தவில்லை என்றார். அவரே பொருத்தம் பார்த்துக் கொடுத்த ஜாதகம் அது.

“வாயத் தொறக்காத மனுசன் அன்னிக்குன்னு பாத்துத் தொறந்தான்” என்று அக்கா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்கிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தால் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

“நான் போய்ச் சேந்திருந்தா, வருசம் கழிச்சாவது அவளுக்குக் கல்யாணம் நடந்திருக்கும்.”

அடுப்படியில் மகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அப்படிச் சொல்லாதே அம்மா என்று அவளும் சொல்வதில்லை.

மனைவி மாத்திரையை விழுங்கும்வரை அங்கேயே நிற்கிறேன்.

எழுதி முடித்தது: ஆவணி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை.