நம்பர் ராஜ்யமும் என் மச்சினனும்

பத்துப் பதினைந்து நாள் இருக்கும், ஒரு நாவலைப் பாதியில் மூடிவிட்டேன். மூடிய இடம் விழுப்புரம்–திண்டிவனம் பாசஞ்சர் ரயில். விக்கிரவாண்டி தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. நாவலை மூடுவதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? எழுதியவன் என் மச்சினன். நான் போய்க்கொண்டிருந்தது அவன் வீட்டுக்கு!

அதுவும் சும்மா போகவில்லை. என் பெண் செல்விக்குக் கோலியனூர் மாரியம்மன் கோயிலில் காது குத்துவதாக ஏற்பாடு. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். அவனை நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து அழைக்க வேண்டும். தட்டை வாங்கிக்கொண்டால் வருகிறான் என்று அர்த்தம். வாங்காவிட்டால்...?

என் மனைவி தனத்துக்குக் கூடப் பிறந்தவன் ஏழுமலை ஒருத்தன்தான். அவன் இருக்கும்போது சித்தப்பா மகனையோ பெரியப்பா மகனையோ உட்கார வைத்தால், அப்புறம் ஆயுசு முழுக்க அவள் என்னை நிம்மதியாக உட்கார விடமாட்டாள்.

இந்த ஏழுமலை திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறான். ஒண்டிக்கட்டை. வாலிபர்களுக்காக ‘நம்பர் ராஜ்யம்’ என்று ஒரு நாவல் எழுதி, அச்சும் போட்டு, முதல் பிரதியை எனக்கு அனுப்பியிருந்தான். ‘மாமா அவர்கள் முழுவதும் படித்து அபிப்பிராயம் சொல்லவேண்டும்’ என்று உள்ளே கையெழுத்து வேறு. வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு மச்சினன் இருப்பது எத்தனை ஆபத்து, பாருங்கள்.

செல்வியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து, ரயிலில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் தனம் ஆரம்பித்துவிட்டாள்.

“ஏங்க, அந்த புக்க முடிச்சீங்களா இல்லியா? போனதும் அவன் அதத்தான் கேப்பான்.”

“படிச்சிக்கினுதானே வர்றேன்.”

“ஒரு மாசமா இதையேதான் சொல்லிக்கினு இருக்கீங்க. ஜல்தியா முடிங்க. திண்டிவனம் வந்துடும்.”

படிக்கிறவனுக்கல்லவா தெரியும் கஷ்டம்!

கதை இனிமேல் வரப்போகிற கி.பி. இரண்டாயிரத்தில் நடக்கிறது. மழை கிடையாது. மரம் கிடையாது. ஊரைச் சுற்றி இரும்புச் சுவர். எல்லாருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறச் சட்டை. சோறு, கேப்பைக் களி எதுவும் கண்ணில் படாது — காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை. சரி, போகட்டும். ஆனால் மாத்திரையை விழுங்கிவிட்டு ஒருத்தன் ஏப்பம் விடுகிறானே... அது எங்கிருந்து வந்தது?

கதாநாயகனுக்குப் பதினாறு வயது. அவன்தான் அந்த ராஜ்யத்தைக் கவிழ்க்கப் போகிறான். எங்கள் தெருவிலும் பதினாறு வயசில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். சைக்கிள் செயின் கழன்றால் மாட்டத் தெரியாது. கதையில் முப்பது வயசு தாண்டியவன் எவனாக இருந்தாலும் ஒன்று முட்டாள், இல்லாவிட்டால் உளவாளி. எனக்கு நாற்பத்திரண்டு. கோபம் வருமா, வராதா?

போதாததற்கு ஒரு பெண். ஊர் பற்றி எரிகிறது; அவள் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, இரண்டு பையன்களில் யாரைக் காதலிப்பது என்று ஓர் அத்தியாயம் முழுக்க யோசிக்கிறாள். கீழே இறங்கி எரிகிற வீட்டில் நாலு சாமானை வெளியே இழுத்துப் போடக் கூடாதா?

இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். தாங்க முடியாமல் போனது அந்த ராஜ்யத்தின் சட்டம். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். முறை சொல்லிக் கூப்பிடுவதும் குற்றம். அம்மா, அப்பா, அத்தை, மாமா... எதைச் சொன்னாலும் ஜெயில்.

கதாநாயகன் முப்பத்தெட்டு. அவன் சிநேகிதன் முப்பத்து மூன்று. அந்த மொட்டை மாடிப் பெண் எண்பத்து மூன்று. வில்லன் எண்பத்தெட்டு. முப்பத்து மூன்று ஓடி வந்தான், முப்பத்தெட்டு அழுதான், எண்பத்து மூன்றைப் பார்த்து எண்பத்தெட்டு சிரித்தான்... நான் நாவல் படிக்கிறேனா, வாய்ப்பாடு ஒப்பிக்கிறேனா? யாருக்கு யார் என்ன உறவென்று தெரியாமல் ஒரு கதையை எப்படி ஐயா படிப்பது? ஒருத்தன் செத்தால் யாருக்காகத் துக்கப்படுவது?

முண்டியம்பாக்கத்தில் கண்ணில் கரித்தூள் விழுந்தது. கசக்கிக்கொண்டே படித்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் ஒரு வரி வந்தது பாருங்கள் — அத்தோடு புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டேன்.

“முடிஞ்சிதா?” என்றாள் தனம், மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே.

“முடிஞ்சிது.”

என்னைப் பொறுத்தவரை முடிந்துவிட்டதுதானே!

இன்ஸ்டிடியூட்டும் வீடும் ஒன்றுதான். முன் ஹாலில் மிஷின்கள், பின்னால் அவன் இருக்கிற அறை. நாங்கள் படியேறும்போது உள்ளே ஆலங்கட்டி மழை மாதிரி தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவே ஏழுமலையின் குரல்.

“ஏய் நாலு! கீபோர்டப் பாக்காத! ஏழு, மார்ஜின் எங்க போச்சு?”

பிள்ளைகளை மிஷின் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். நம்பர் ராஜ்யம் எங்கே பிறந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“வாங்க மாமா! வாக்கா!” என்று எங்களைப் பின்னறைக்கு அழைத்துப்போய்க் கலர் சோடா உடைத்துக் கொடுத்தான். தனம் பையிலிருந்த தட்டை எடுத்து வெற்றிலை பாக்கை ஒழுங்காக அடுக்கி, தம்பியிடம் நீட்டினாள்.

“குடுக்கா, வாங்கிக்கறேன். மாமா, கத எப்பிடி? முடிவு புடிச்சிதா?”

தனம் என் காலை மிதித்தாள். ‘பிரமாதம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு மாத எரிச்சல் அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது.

“பாதியில வெச்சிட்டேம்ப்பா. என்னால ஆகல.”

தட்டை வாங்க வந்த கையை ஏழுமலை பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“ஏன் மாமா?”

“யாருக்கு யாரு இன்னா வேணும்னே தெரியலியேப்பா. முறையே இல்லாம...”

“அதானே மாமா கதையே! அப்பிடி ஒரு காலம் வந்தா எவ்ளோ கொடுமையா இருக்கும்னு காட்டிக்கினு வர்றேன். பத்திரிகைல எழுதறவரு நீங்க. உங்களுக்கே புரியலியா?”

“எனக்குப் புரியுது. உனக்குப் புரிஞ்சிதா?”

புத்தகத்தை எடுத்து, ரயிலில் மூடிய பக்கத்தைத் திறந்து காட்டினேன். ‘அம்மா’ என்று சொன்ன குற்றத்துக்காக முப்பத்தெட்டைச் சிறையில் அடைத்திருக்கிறார்கள். வெளியே துப்பாக்கியோடு காவலாளி. முப்பத்தெட்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனிடம் சொல்கிறான்: ‘அண்ணே, கொஞ்சம் கதவைத் திறங்கண்ணே!’

முறை சொன்னதற்காக ஜெயிலுக்கு வந்தவன் ஜெயிலுக்குள்ளேயே ‘அண்ணே’ என்கிறான். அந்த ராஜ்யத்தின் காவலாளி என்ன செய்யவேண்டும்? சுடவேண்டும். அவனோ மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்துவிடுகிறான்!

ஏழுமலை அந்த வரியை ஒரு தடவை மெதுவாகப் படித்தான். அப்புறம் வாய்விட்டுப் படித்தான். இவன் எழுதியிருக்கிறான், கம்பாசிட்டர் எழுத்துக் கோத்திருக்கிறார், ஒருத்தர் உட்கார்ந்து புரூஃபும் பார்த்திருக்கிறார். யாருக்குமே உறுத்தவில்லை.

“எப்பிடிப்பா எழுதின இத?”

“தெரியல மாமா... வெளியில நிக்கிறவன வேற எப்பிடித்தான் கூப்புடுவான்? ‘ஏய் நூத்திப் பன்னெண்டு, தொற’ன்னா தொறந்துடுவானா?”

நியாயமான கேள்வி. பஸ்ஸில் ஓரமாக நகர்ந்து உட்காரச் சொல்லவே நமக்கு ஓர் அண்ணனோ அக்காவோ வேண்டியிருக்கிறது. ஜெயில் கதவு சும்மா திறக்குமா?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

“ராஜ்யமே இந்த ஒரு வார்த்தையில கவுந்துடுச்சே மாமா... ராத்திரி பகலா எழுதனனே.” கண் கலங்கிவிட்டது. புத்தகத்தைத் தள்ளி வைத்தான். “எனக்கு மனசே சரியில்ல. காது குத்துக்கு நான் வரல. வேற யாரையாவது உக்கார வெச்சிக்கங்க.”

போச்சு! ஒரு ‘அண்ணே’யைப் பிடிக்கப் போய் தாய்மாமனைக் கைநழுவ விட்டேன். என் மேல் எரிச்சல். அவன் மேல் அதைவிட எரிச்சல். எழுதுகிறவனுக்கு ரோஷம் இருக்கவேண்டியதுதான். அதற்காக இரண்டு வயசுக் குழந்தையின் காதிலா காட்டுவது?

தனம் தட்டை மேஜை மேல் டங்கென்று வைத்தாள். எனக்குத்தான் அர்ச்சனை என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திரும்பியதோ தம்பி பக்கம்.

“இன்னாடா பேஜாரு பண்றே? உன் ஊர்ல மாமன் கூடாது, அத்த கூடாதுன்னு சட்டம் போட்டுட்ட. எம் பொண்ணு ஊர்ல அப்பிடி இல்ல. அவளுக்கு இருக்கறது ஒரே மாமன். வேற ஆள உக்கார வெக்கணுமா? சரி, நீயே சொல்லு. முன்னால தட்டிக்கினு இருக்காங்களே, அதுல எந்த நம்பர உக்கார வெக்கட்டும்? நாலா? ஏழா?”

முன் ஹாலில் தட்டுகிற சத்தம் நின்றது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

ஏழுமலை முன் ஹால் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தான். அப்புறம் எழுந்தான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை எடுத்துக்கொண்டான்.

“எந்தக் கெழமக்கா?”

“வெள்ளிக்கெழம. காலைலயே வந்துடு.”

போன வெள்ளிக்கிழமை கோலியனூருக்கு எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றான். பட்டுப் பாவாடை, தோடு, தட்டுத் தட்டாகப் பழம். செல்வியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பத்தர் ஊசியை எடுத்ததும் அவள் அலறிய அலறலில் கோயிலே திரும்பிப் பார்த்தது. குத்தியது அவள் காதில். கண்ணீர் விட்டது இவன்.

“ஆச்சுடா கண்ணு, ஆச்சு... மாமாதான் புடிச்சிக்கினேன், மாமாவ அடி... இன்னும் அடி...”

அவள் அடித்தாள். இவன் கன்னத்தைக் காட்டிக்கொண்டே இருந்தான். அந்த நிமிஷத்தில் அவன் எழுதிய மாத்திரை, சுவர், மொட்டை மாடி எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

அந்த மன்னிப்பு பந்தி வரைக்கும்தான் தாங்கியது. பக்கத்து இலையில் உட்கார்ந்த ஏழுமலை பாயசத்தை வழித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

“மாமா, நல்லா யோசிச்சிப் பாத்தேன். அந்தக் காவலாளி கதவத் தொறந்தான் பாருங்க... அங்கதான் கதையே இருக்குது. அவன ஹீரோவாப் போட்டு ரெண்டாம் பாகம் எழுதிக்கினு இருக்கேன். இது மொதப் பாகத்தவிடப் பெருசு. நீங்க முழுசாப் படிச்சிடணும்.”

ஆளை விடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த தனம் இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு இது ஐந்தாவது மாதம். பிறக்கப் போகிற பிள்ளைக்கும் காது குத்தியாக வேண்டும். அதற்கும் இவன் மடிதான்.

“எழுதுப்பா, படிக்கிறேன்” என்றேன். “கொஞ்சம் சின்னதா எழுது.”