சத்தியம் பண்ண மாட்டேன்

இனிக் குடிக்க மாட்டேன் என்று பழநி மலையில் மூன்று தடவை கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் நான். மூன்று சத்தியத்தையும் ஒரு நாள்கூட மீறவில்லை. ஒவ்வொரு சத்தியமும் ஒரு மண்டலத்துக்கு. மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். நாற்பத்தெட்டு நாளும் பச்சைத் தண்ணிதான். நாற்பத்தொன்பதாம் நாள் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேரே ஓடைப் பள்ளத்துக்கு இறங்குவேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் நிறுத்தினார்கள், இப்படித்தான் மறுபடி தொடங்கினார்கள். பேருக்குத்தான் மதுவிலக்குக் காலம். எங்கள் பெரும்பாறை மலையில் சாராய ஊறல் போடாத பள்ளத்தைக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

நான் காப்பித் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில் பழம் எடுத்தார்கள். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்தான். மூன்றாவது மண்டலம் முடிந்த வாரம், வகுப்பில் நாற்காலியோடு சரிந்து விழுந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் தண்ணி மொண்டுவந்தாள். அந்தத் தண்ணியைக் குடிக்கத்தான் கஷ்டமாக இருந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை போய்விடும் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

அந்த மாசம் வாத்தியார்கள் கூட்டத்துக்காகக் கொடைக்கானல் போயிருந்தேன். பஜாரில் ஒரு பாய் கடையில் தீப்பெட்டி கேட்டேன்.

"வாத்தியாரே, கொஞ்சம் தள்ளி நின்னு பத்த வைங்க. நீங்க விடுற மூச்சுக்குக் கடையே புடிச்சுக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நம்ம லாரி டிரைவரு, குடிச்சிட்டு ரெண்டு லோடு உருளைக்கெழங்க மலையில உருட்டிவிட்டவன். இப்ப தொடுறதே இல்ல. ஏரிக்கு மேல ஒரு வெள்ளக்காரம்மா பங்களா இருக்கு. சனிக்கெழம சாயங்காலம் குடிகாரங்க கூடுறாங்க. போய்ப் பாருங்க."

"கூடிக் குடிக்கிறாங்களா?"

"பேசுறாங்கய்யா!"

குடித்தேன் என்று வாய் திறந்தாலே கேஸ் எழுதுகிற காலத்தில் அதைக் கூட்டம் போட்டுப் பேசுவதா? போலீஸ் வைத்த வலையாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லையென்றால் கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கிற வேலை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை வத்தலக்குண்டுக்கு இறங்கி மலை பஸ் பிடித்தேன். பையில் ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, கற்பூரம். புது இடம், புதுச் சத்தியம் வாங்குவார்கள் அல்லவா?

கணப்பு எரிகிற அறையில் மூன்றே பேர்: வீட்டுக்கார வெள்ளைக்காரம்மா, அந்த லாரி டிரைவர், ஒரு ஹோட்டல் பட்லர். அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். டீயை ஊற்றிக்கொண்டே, சாதாரணமாக, "நான் குடிகாரி" என்று தமிழில் தொடங்கினார். நாங்கள் பிறரைத்தான் அப்படிச் சொல்வோம்.

என் முறை வந்தது. தேங்காயையும் கற்பூரத்தையும் எடுத்து மேஜையில் வைத்தேன். "எந்தச் சாமி முன்னால, எத்தனை நாளைக்குன்னு சொல்லுங்க. பண்ணிடுறேன்."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தேங்காய உள்ள வையுங்க வாத்தியாரே. இங்க சத்தியமே கெடையாது. இன்னைக்கு ஒரு நாளு குடிக்காம இருங்க, போதும்."

"இன்னைக்கு நான் குடிக்கவே இல்லையே!"

"அப்பச் சோலி முடிஞ்சுச்சு. நாளைக்கு வெள்ளனே எந்திரிச்சு நாளையச் சோலியப் பாருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதைக் கேட்கவா ஒரு மலை இறங்கி இன்னொரு மலை ஏறினேன்? "ஒரு கெடுன்னு வேணாமா?" என்று சத்தம் போட்டேன்.

"கெடு முடிந்த மறுநாள் என்ன செய்வீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். தேங்காயை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமை போனேன், குடிக்கவில்லை. தோட்டத்தில் யாரும் நம்பவில்லை. ஒரு காலை, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில், வேலையாட்களின் தலைவரான கங்காணி தட்டில் கற்பூரம் ஏற்றிவைத்து என்னைக் கூப்பிட்டார். எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தால்தான் பள்ளிக்கூடச் சாவி என்றார்.

அப்பா என் கையைப் பிடித்தார். "ஏலே, பண்ணிருடா. மூணு தடவ பண்ணவன்தானே?"

"அதனாலதாம்ப்பா பண்ண மாட்டேன்."

"சாமிக்குப் பயப்படுறான். அப்பக் குடிக்கப் போறான்னு அர்த்தம்" என்றார் கங்காணி. கூட்டம் தலையாட்டியது.

"நாப்பத்தெட்டு நாளைக்குன்னா இப்பவே பண்ணுறேன், கங்காணியாரே. நாப்பத்தொம்பதாம் நாளு என்னைய யாரு வந்து புடிப்பீங்க? நீங்களா? இன்னைக்கு நான் குடிக்கல. தெனம் வெள்ளனே வாங்க, ஊதிக் காட்டுறேன். ஒரு நாளு வாடை அடிச்சாலும் சாவிய நானே தர்றேன்."

பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. கங்காணி சாவியை என் காலடியில் எறிந்தார். குனிந்து எடுத்துக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் கங்காணி பள்ளிக்கூட வாசலில் நின்றார். ஊதினேன். அதற்கடுத்த நாளும் ஊதினேன். மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்தார், அப்போதும் ஊதினேன். மூன்றாவது வாரம் அவருக்கு அலுத்துப்போய் வரவில்லை. நான் விடவில்லை. பிரட்டுக்களத்துக்கே போய், அத்தனை பேர் பார்க்க, அவர் மூஞ்சிக்கு நேரே ஊதினேன்.

"பூண்டு நாத்தம்யா!" என்று முகத்தைத் திருப்பினார்.

"பூண்டுக்குத் தடை போடலையே!" என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கப் போனேன்.