மூன்று கார், ஆறு விலை

போன ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், நானூறு பேர் கூடியிருந்த இடத்தில், அடுத்தவர் காரைத் திறக்கப் பார்த்தேன்.

திருடுவதற்கு அல்ல. என்னுடையது என்று நினைத்து.

சங்கரன்கோவிலில் ஒரு நூல் வியாபாரி வீட்டுக் கல்யாணம். சாப்பிட்டு முடித்து மண்டபத்துக்கு வெளியே வந்தால், வேப்பமர நிழலில் வரிசையாக மூன்று கார்கள். மூன்றும் எலெக்ட்ரிக். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வெள்ளை. மூன்றுக்கும் பச்சை நம்பர் பிளேட். இரண்டு கப் பாயசத்தின் மயக்கத்தில் நடுவில் நின்ற காரின் கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன்...

கண்ணாடி இறங்கியது. உள்ளே ஏ.சி.யைப் போட்டுச் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார் சண்முகவேல் அண்ணாச்சி.

"ஏ ட்ரெசரி! என்ன வே, பென்ஷன் பத்தலையா?"

ட்ரெசரி என்பது அடியேன்தான். முப்பத்தாறு வருஷம் கருவூலத்தில் உட்கார்ந்து ஊரார் பில்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதற்காக ஊர் கொடுத்த பட்டம். சண்முகவேல் அண்ணாச்சி எங்கள் தெருக்காரர். எட்டு விசைத்தறி ஓட்டுகிறார். எட்டும் சேர்ந்து போடுகிற சத்தத்துக்கு நடுவில் நாற்பது வருஷம் இருந்துவிட்டு, சத்தமே இல்லாத ஒரு காரை வாங்கியிருக்கிறார். "சாமி சந்நிதியில உக்காந்த மாதிரி இருக்கு வே" என்பார்.

மூன்றாவது காரின் சொந்தக்காரரும் அந்த நேரம் வெற்றிலையோடு வந்து சேர்ந்தார். பீர் முகமது பாய். கடையநல்லூர்க்காரர். இருபத்திரண்டு வருஷம் சவுதியில் அடுத்தவர் கார்களை ஓட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பித் தனக்கென்று வாங்கிய முதல் கார் அது.

எலெக்ட்ரிக் கார் வாங்கினவர்கள் புது மாப்பிள்ளைகள் மாதிரி. யாரும் கேட்காமலே பேசுவோம். ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர், ஏ.சி. போட்டால் எத்தனை, புளியங்குடி போய்வர எத்தனை சதவீதம்... பெட்ரோல் பங்கைப் பார்த்தால் ஒரு இளக்காரச் சிரிப்பு வேறு. பாய் ஸ்போர்ட்ஸ் மோடைப் பற்றிச் சொன்னபோது மூன்று கிழவர்களும் குதிக்காத குறை.

"மிதிச்சா பாருங்க சார்... முதுகு சீட்டுல ஒட்டிக்கிடுது! பிளைட் கெளம்புத மாதிரி!"

"நான் எம்பதுக்கு மேல போகல பாய். பொண்டாட்டி கத்துதா."

"அவங்கள எறக்கிவிட்டுட்டு மிதிங்க அண்ணாச்சி!"

இந்த இன்பம் இப்படியே போயிருக்கலாம். ஆனால் நம் ஆட்கள் மூன்று பேர், ஒரே பொருளை வாங்கிக்கொண்டு, ஒரே இடத்தில் நின்றால், ஒரு கேள்வி வராமல் இருக்குமா? வந்தது. அண்ணாச்சிதான் ஆரம்பித்தார்.

"எனக்கு எல்லாம் சேத்துப் பதிமூணு இருவது ஆச்சு. ஒங்களுக்கு எவ்வளவு பாய்?"

பாய் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு மாற்றினார். "பதிமூணு பத்துதான் ஆச்சு."

வழக்கமாக எந்தப் பேச்சையும் 'அல்லாஹ் மேல ஆணையா' என்று தொடங்குகிற மனிதர். அன்று அந்த ஆணை வரவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லையே! இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பில்களின் எமன், ட்ரெசரி சார், எவ்வளவுக்கு முடித்திருப்பார்?

"பதிமூணு" என்றேன். "ஃப்ளாட்."

இதில் ஒரு விசேஷம் உண்டு. மாப்பிள்ளையின் சம்பளத்தை நாம் கூட்டிச் சொல்வோம். வாங்கின பொருளின் விலையைக் குறைத்துச் சொல்வோம். முதலாவது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதும் பொய் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் குறைத்துச் சொல்கிறவனைப் பார்க்கும்போது ஒரு பொறாமை வருகிறதே... அதற்காகத்தான் இந்தப் பாடு.

"ஆத்தாடி! நீரு ஆளு கெட்டிக்காரர்தான்வே" என்றார் அண்ணாச்சி. நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க... எவ்வளவுன்னீங்க?"

முதுகுக்குப் பின்னால் கோமதி. என் மனைவி. கையில் தாம்பூலப் பை.

கோமதி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கார் வாங்கிய பணம் அவளுடைய வைப்புத் தொகை. அவள் கணக்கிலிருந்து போனது பதினான்கு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். அவளுக்குக் கழித்தல் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"அப்ப மிச்சம் ஒரு லட்சத்து அம்பத்தி ரெண்டாயிரம் எங்க?"

அண்ணாச்சியும் பாயும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி வேப்பமரத்தை ஆராய ஆரம்பித்தார்கள்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 'பதிமூன்று என்று சொன்னது பொய்' என்றால் இந்த இரண்டு பேர் முன்னால் மானம் போகும். திங்கட்கிழமைக்குள் தெரு முழுக்கப் போகும். சொல்லாவிட்டால்? வீட்டில் நான் திருடன்.

"அது வந்து... நான் சொன்னது வரிக்கு முந்தின விலை..."

"எலெக்ட்ரிக் வண்டிக்கு ரோடு டாக்ஸ் கெடையாது, கெடையாதுன்னு ஒரு மாசமா எனக்குக் கிளாஸ் எடுத்தது யாரு?"

விதிமுறைகளை மனைவிக்குச் சொல்லிக்கொடுப்பதில் இருக்கிற ஆபத்து இதுதான். அவள் நினைவில் வைத்துக்கொள்வாள்.

கோமதி குரலைத் தாழ்த்தினாள். அவள் சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை. தாழ்த்தினால்தான்.

"ஒங்க தம்பிக்கா?"

இதற்கு ஒரு பின்கதை. பத்து வருஷத்துக்கு முன்னால் என் தம்பி தோட்டத்தில் போர்வெல் போடுவதற்கு, கோமதிக்குத் தெரியாமல் எண்பதாயிரம் கொடுத்தேன். அவள் கண்டுபிடித்தாள். கொடுத்தது பற்றிக்கூட அவளுக்கு அவ்வளவு வருத்தமில்லை. 'எங்கிட்டச் சொல்லலையே' என்று ஒரு வாரம் பேசவில்லை. இனி ஒரு ரூபாய் என்றாலும் உன்னைக் கேட்டுத்தான் என்று சொல்லி மீண்டேன். பத்து வருஷமாக அந்த வார்த்தையைக் காப்பாற்றி வருகிறேன். இப்போது அதுவும் அல்லவா போகப் பார்க்கிறது?

மானமா, கோமதியா? மூன்று விநாடி யோசித்தேன். மூன்று விநாடி ஏன் ஆயிற்று என்று அவள் பிறகு தனியாகக் கேட்டாள். அது வேறு விஷயம்.

"பொய் சொன்னேன்" என்றேன். "பதிமூணுன்னு இவங்ககிட்டச் சும்மா சொன்னேன். பைசா பாக்கியில்லாம காருக்குத்தான் போச்சு."

"பில்லை எடுங்க."

எடுத்தேன். டாஷ்போர்டில் தனிக் கோப்பு உண்டு. அசல் ஒன்று, நகல் இரண்டு, பக்க எண்ணோடு. கோமதி அதை பானெட் மேல் விரித்தாள். பிறகு மற்ற இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுப்பாடம் எழுதாத பையன்களைப் பார்க்கிற பார்வை.

"அண்ணாச்சி, ஒங்க பில்லு? பாய், ஒங்களோடது?"

"நமக்கு எதுக்கு டீச்சர்..." என்று இழுத்தார் அண்ணாச்சி.

"அதே காரு. அதே ஷோரூம். ஒங்களுக்குப் பதிமூணு இருவதுன்னா இவருக்கு ஏன் இவ்வளவுன்னு நான் பாக்க வேண்டாமா?"

இருபத்திரண்டு வருஷம் சவுதியில் யாருக்கும் பயப்படாத பாய்தான் முதலில் பில்லை எடுத்துவந்து வைத்தார். அண்ணாச்சியின் பில் சீட்டுக்கு அடியில், நாலாக மடிந்து, விபூதிப் பொட்டலத்தோடு கிடைத்தது.

கோமதி வருகைப் பதிவேடு வாசிப்பது போல வாசித்தாள். மூவருக்கும் காரின் ஆன்ரோடு விலை ஒன்றுதான்: பதிமூன்று லட்சத்து நாற்பதாயிரம். அதற்கு மேல் போனதெல்லாம் அப்கிரேடு. அண்ணாச்சிக்கு முப்பத்தெட்டாயிரம்: நீட்டித்த பேட்டரி வாரண்டி, சீட் கவர், மேட். பாய்க்கு அறுபத்தோராயிரம்: அதே வாரண்டியும் ஒரு வீட்டு சார்ஜரும்.

"அப்ப பதிமூணு எழுவத்தெட்டா? இருவதுன்னீரே அண்ணாச்சி!" என்றார் பாய்.

"நீங்க பதினாலு லட்சத்து ஆயிரம் குடுத்துட்டு என்னை விடக் கம்மின்னு சொன்னீங்களே பாய்! அதுக்கு என்ன?"

"நீங்க சொல்லப்போய்த்தானே அண்ணாச்சி நானும் சொன்னேன்!"

இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கோமதி அடுத்து என் பில்லை எடுத்ததும் நின்றது.

எனக்கு அப்கிரேடு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

வாரண்டி இருபத்தெட்டாயிரம், அது எல்லாருக்கும் ஒன்று. பாய் பேரம் பேசி முப்பத்து மூவாயிரத்துக்கு வாங்கிய அதே சார்ஜர் எனக்கு நாற்பத்திரண்டாயிரம். அண்ணாச்சிக்குப் பத்தாயிரத்தில் முடிந்த சீட் கவரும் மேட்டும் எனக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. உடம்புக்கு செராமிக் பூச்சு பதினெட்டாயிரம். கால் வைக்கிற இடத்தில் நீல விளக்கு நாலாயிரம். கடைசி வரியைக் கோமதி ஒருமுறை மனசுக்குள் படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"இன்ஜின் அறைக்குப் பாதுகாப்புப் பூச்சு... ஏழாயிரத்து ஐந்நூறு."

நாதஸ்வரம்கூட ஒரு கணம் நின்றது மாதிரி இருந்தது.

"ட்ரெசரி" என்றார் அண்ணாச்சி மெதுவாக. "பானெட்டத் தெறயும்வே. அந்த இன்ஜினை நாங்களும் ஒரு தடவ பாத்துக்கிடுதோம்."

"சார் வண்டில மட்டும் கம்பெனிக்காரன் ரகசியமா வெச்சிருப்பான் போலிருக்கு" என்றார் பாய்.

பானெட்டைத் திறந்தே விட்டார்கள்! நாலைந்து டிரைவர்கள், மண்டபத்து வாட்ச்மேன், பந்தியிலிருந்து கை கழுவ வந்தவர்கள்... எல்லாரும் எட்டிப் பார்த்து, இல்லாத இன்ஜினைத் தேடினார்கள். பூச்சு மட்டும் பளபளவென்று இருந்தது என்று வாட்ச்மேன் சான்றிதழ் கொடுத்தார்.

எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். ஷோரூமில் ஒரு படிவம் தந்தார்கள். அப்கிரேடு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வேண்டும்', 'வேண்டாம்' என்று கட்டம். விற்பனைப் பையன் மூன்றை மட்டும் டிக் செய்து, மற்றதை வெறுமனே விட்டுவிட்டு நீட்டினான். எனக்குப் பொறுக்குமா? "தம்பி, எந்தக் கட்டத்தையும் காலியா விடக் கூடாது. பின்னால யாராவது எழுதிச் சேத்துட்டா?" என்றேன். அவன் மிகுந்த பணிவோடு எல்லாவற்றையும் நிரப்பினான். எல்லாம் 'வேண்டும்'. நான் மொத்தத்தை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

முப்பத்தாறு வருஷம் நான் பார்த்ததும் அதைத்தானே? கூட்டல் சரியா, கையெழுத்து உண்டா, காலிக் கட்டம் இருக்கிறதா. எதற்கு வாங்கினாய் என்று கேட்பது வேறு பிரிவு.

மறுநாளே திருநெல்வேலி ஷோரூமுக்குக் கிளம்பினோம். மூன்று பேரும், மூன்று காரில். ஒரே காரில் போகலாமே என்று கோமதி கேட்ட பிறகுதான் அது எங்களுக்குத் தோன்றியது. தோன்றியும் மூன்றில்தான் போனோம். பாய் முன்னால் பறக்க, அண்ணாச்சி எண்பதைத் தாண்ட, நான் பின்னால் துரத்த... அறுபத்து நான்கு வயதில் ரோட்டில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு கார் ஓட்டினேன் என்றால் நம்புவீர்களா? உள்ளே ஒரு சத்தமும் இல்லை. என் சிரிப்பு எனக்கே கேட்டது.

மேலாளரிடம் ஒன்றரைப் பக்கக் கடிதம் கொடுத்தேன். பொருள், பார்வை, இணைப்பு மூன்று. அதில் ஒரே கேள்விதான்: 'தங்கள் பணியாளர் பூச்சு அடித்த இன்ஜினின் எண்ணைத் தெரிவிக்கக் கோருகிறேன்.' அவர் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் பொருத்தியாகிவிட்டது, திருப்ப முடியாது என்றார். ஏழாயிரத்து ஐந்நூறை மட்டும் அங்கேயே கோமதியின் கணக்குக்கு அனுப்பிவைத்தார். காபி வேறு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கோமதி போனில் வந்த குறுஞ்செய்தியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பில்லை மறுபடி விரித்தாள். வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தாள். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

"சந்தேகப்பட்டது என் தப்புதான்" என்றாள். "ஒரு பைசா வெளிய போகல. ஒத்துக்கிடுதேன்."

மூச்சு வந்தது எனக்கு.

அவள் பில்லை மடித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஆனா இந்த நீல லைட்டையும் செராமிக்கையும் பாக்கும்போது தோணுது... பேசாம ஒங்க தம்பிக்கே குடுத்திருக்கலாம்."

என் தம்பி பத்திரிகை படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.