எண்பத்தாறில் எழுதிய பெயர்

போன சனிக்கிழமை காலை, கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக் குசினியில் மகள் பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, மில்க் எய்ட்டி-சிக்ஸ்" என்றாள். அவள் வார இறுதிகளில் ஒரு கஃபேயில் வேலை செய்கிறாள். வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணியை நான் அப்படியே கீழே வைத்தேன்.

"எங்க பழகினனீ இந்தச் சொல்லை?"

"வொர்க்ல எல்லாரும் சொல்லுறதுதான். இட் ஜஸ்ட் மீன்ஸ் வீ ஆர் அவுட்."

'தீர்ந்துபோச்சு' என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

நாங்கள் 'முடிஞ்சுது' என்று சொல்லக் கூசுகிற சனம். அரிசிப் பானை வெறுமையானாலும் அம்மா 'இல்லை' என்று வாயெடுக்கமாட்டா. 'அரிசி வாங்கவேணும்' என்பா. படலை தாண்டும்போது 'போறன்' என்றால் முறைப்பா. 'போட்டு வாறன்' என்று திருத்திச் சொன்னால்தான் விடுவா. அப்படி வளர்ந்த நான், முடிந்துபோனதை நாள் முழுக்கக் கத்திச் சொல்கிற கடையில் போய்ச் சமையல்காரன் ஆனேன் பாருங்கள்!

சிட்னிக்கு வந்த புதிதில், மெரிலேண்ட்ஸில் இருந்தது அந்தக் கடை. முதலாளி கிரெக் அமெரிக்காவுக்கு ஒரே ஒருதரம் போய்வந்தவன். அந்த ஒரு பயணத்தின் மயக்கத்தில் சிவப்புக் கதிரைகள் போட்டு, அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைப் பாஷையையும் எங்கள் தலையில் கட்டிவிட்டான். பாண், அதான் பிரெட், வாட்டி, மேலே இரண்டு அவித்த முட்டை வைத்தால் 'தெப்பத்தில் ஆதாமும் ஏவாளும்'. முட்டையைக் கலக்கவேண்டுமென்றால் 'தெப்பத்தை உடை'. தண்ணீருக்குப் பெயர் 'நாய் சூப்'. பரிமாறுகிறவள் குசினி ஜன்னலில் கூவவேண்டும், நான் அதையே திருப்பிக் கூவவேண்டும். திருப்பிக் கூவிவிட்டால் அது சத்தியம் மாதிரி. தட்டு வெளியே போயே ஆகவேண்டும். எது தீர்ந்தாலும் ஜன்னலோரப் பலகையில் 86 என்ற எண்ணுக்குக் கீழே எழுதவேண்டும். கடை பூட்டும்போது பலகையைத் துடைக்கவேண்டும்.

பரிமாறியவள் வாணி, மதுரைக்காரி. யாழ்ப்பாணத்தானும் மதுரைக்காரியும் சிட்னியில் நின்று அமெரிக்கக் கூச்சல் போட்ட கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

அந்தப் பாஷை உண்மையாகவே தெரிந்த ஒருவர் கடைக்கு வந்துகொண்டிருந்தார். வால்ட்டர், கப்பல்களில் சமைத்து ஓய்ந்த அமெரிக்கர். காலை ஏழு பத்துக்குக் கடைசிக் கதிரையில் வந்து குந்துவார். தெப்பத்தில் ஆதாமும் ஏவாளும்தான் எப்போதும். பாணின் ஓரத்தை மட்டும் தின்னமாட்டார். தட்டின் இடப்பக்கம் வரிசையாக அடுக்கி, அதன்மேல் முள்ளுக்கரண்டியைக் குறுக்கே வைப்பார். ஹாம்பர்கர் என்பது ஒரு ஜெர்மன் துறைமுகத்தின் பெயரால் வந்தது, 'ஹாம்' என்று அதில் பன்றி இறைச்சியைத் தேடாதே என்று என்னிடம் சொன்னவர் அவர்தான். 86 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நாளுக்கு ஒரு கதை சொல்வார். அண்டாவில் எண்பத்தைந்து கோப்பை சூப்தான் இருக்கும், அடுத்தவனுக்குக் கிடையாது என்பார் ஒருநாள். இன்னொரு நாள் குரலைத் தாழ்த்தி, "ஊருக்கு எட்டு மைல் வெளியே, ஆறடி ஆழத்தில்" என்பார். பிணம் புதைக்கிற கணக்காம்.

வேண்டாத வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவதற்கும் அதே சொல்தான். ஒரு சனிக்கிழமை வாசலில் கூட்டம் நின்றது. வால்ட்டரோ எழும்புகிற பாடாயில்லை. கிரெக் என் காதுக்குள், "எய்ட்டி-சிக்ஸ் வால்ட்டர்" என்று எரிந்து விழுந்தான். எனக்குக் குரங்குப் புத்தி. சோக்கட்டியை எடுத்து, பலகையில் அவகாடோவுக்குக் கீழே WALTER என்று எழுதினேன்.

வாணி பதறிப்போனாள். "ஐயோ என்னண்ணா! உயிரோட இருக்கிற மனுஷன் பேரைப் போயி அதுல எழுதுறீங்க? அழிங்க!"

"சும்மா பகிடிக்குத்தான்."

வால்ட்டர் பார்த்துவிட்டார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். 'நாளைக்கு வாறன்' என்று சொல்லாமல் அவர் போனது அன்றைக்குத்தான். அன்று ரயிலுக்கு ஓடிய அவசரத்தில் பலகையைத் துடைக்கவும் மறந்துபோனேன்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பலகையை மூன்று தரம் கழுவினேன். யாரிடமும் அவர் விலாசம் இல்லை. மூன்றாம் நாள் ஏழு பத்துக்கு, வெறும் கதிரையைப் பார்த்தபடி வாணி ஜன்னலில் கூவினாள்: "ஆதாம் ஏவாள், தெப்பத்தில!"

"ஆளில்லையே, வாணி."

"போடுங்கண்ணா. கூப்பிட்டா வருவாரு."

திருப்பிக் கூவினேன். தட்டைக் கடைசிக் கதிரைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். சனத்தைக் கவனித்துவிட்டுத் திரும்பினால், தட்டில் முட்டை இல்லை. இடப்பக்கம் பாண் ஓரங்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் முள்ளுக்கரண்டி குறுக்கே கிடந்தது.

அவள்தான் தின்று என்னைத் தேற்றுகிறாள் என்று நினைத்தேன். அவளோ என்னையே ஒருமாதிரிப் பார்த்தாள். இருவருமே ஒருவரையொருவர் கேட்கவில்லை. நாலு காலை அப்படிக் கூவினாள், நாலு தட்டும் அப்படியே திரும்பின. எனக்குப் பயம்தான், ஆனால் சந்தோஷமும் இருந்தது. அவர் கோபிக்கவில்லைப் போல, வருகிறார் போல என்று ஒரு பைத்தியக்கார ஆறுதல்.

அதன் பிறகு அவருடைய பக்கத்து வீட்டுப் பெண் கடைக்கு வந்தாள். அந்தச் சனிக்கிழமை பின்னேரமே வால்ட்டர் தன் வீட்டுக் கதிரையில் இருந்தபடி இறந்துவிட்டாராம். 'இன்றைக்கு என்னை எண்பத்தாறு ஆக்கிவிட்டார்கள்' என்று மத்தியானம் அவளிடம் சொன்னாராம். "சிரிச்சுக்கொண்டா சொன்னவர்?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாளும் வாணி கூவினாள். நானும் திருப்பிக் கூவினேன். முட்டை ஆறி, மஞ்சட்கரு தோல் கட்டும்வரை தட்டு அப்படியே இருந்தது.

இப்போது அந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். ஆதாமும் ஏவாளும் தெப்பமும் எங்கே போயினவோ? மகளுக்கு அவை ஒன்றுமே தெரியாது. அந்தப் பாஷையில் எண்பத்தாறு மட்டும் சாகாமல் கிடக்கிறது.

மகள் அந்தச் சொல்லைச் சொன்ன அன்று பின்னேரம், இப்போது கிரெய்கிபர்னில் இருக்கும் வாணிக்குப் போன் போட்டேன். மகளின் கதையைக் கேட்டு முதலில் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது.

"அண்ணா, இப்பவாவது உண்மையச் சொல்லுங்க. அந்தத் தட்டை நீங்கதானே சாப்பிட்டீங்க? செத்தவரைக் கூவிக் கூவிக் கூப்பிட்டது நானு. நெனச்சா இன்னும் தூக்கம் வரலண்ணா."

அதையே அவளிடம் கேட்கத்தான் நான் போன் எடுத்திருந்தேன். 'இல்லை' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் தங்கச்சி, நான்தான் சாப்பிட்டனான்."

"அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டாள். பிறகுதான் கேட்டாள்:

"அப்ப அவர மாதிரியே ஓரத்தை எதுக்குண்ணா அடுக்கி வச்சீங்க?"