ஓயாமல் கத்திய செல்

தான் எந்த மாதிரி டாக்டர் என்பதை அவளால் வீட்டில் கடைசிவரை புரியவைக்க முடியவில்லை. பட்டம் வாங்கிய நாளிலிருந்து சித்தப்பா முழங்காலைக் காட்டினார், அத்தை நாக்கை நீட்டினாள். "நான் அந்த டாக்டர் இல்ல சித்தப்பா" என்றால், "அப்ப இத்தனை வருஷம் என்னதான் படிச்சே?" என்பார்.

படித்தது நத்தையின் நரம்பு. கல்லூரியின் அடித்தள அறையில், முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியை ஒற்றை செல்லின் மேல் பூப்போல இறக்கி, அதன் மின்துடிப்பைக் கேட்டபடியே அவளது இருபதுகள் கரைந்தன. "நத்தைக்கு என்னடி அவ்வளவு யோசனை இருக்கு?" என்று அம்மா கேட்டாள். அது நல்ல கேள்வி என்றே அவளுக்குத் தோன்றியது.

பிறகு, வலிக்கு மருந்து தேடும் கம்பெனியில் வேலை. வலியைக் கடத்தும் நரம்பு செல்களை அங்கே தட்டுகளில் வளர்த்தார்கள். ஒவ்வொரு துடிப்பும் ஒலிபெருக்கியில் 'டக்' என்று கேட்கும்படி அவள் ஏற்பாடு செய்துகொண்டாள். மாடியில் புதுப்புது மூலக்கூறுகளை ஆக்கித் தரும் வேதியியல்காரரை எல்லோரும் சமையல்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஆக்கியதையெல்லாம், செல்களின் மேல் தானாகவே போட்டுச் சோதிக்கும் ஒரு பெரிய இயந்திரம் ருசி பார்த்து, உதவாது என்று துப்பிவிடும். அவர் ஆசை ஆசையாகச் செய்த ஒன்றையும் அப்படித் துப்பியதும் மனிதர் முகம் தொங்கிப்போனது.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. "கொடுங்க, நான் ஒரு தடவை கையால போட்டுப் பார்க்கிறேன்" என்று வாங்கிவந்தாள்.

அன்று மதியம் ஒரு செல்லை ஊசியில் பிடித்து, மின்சாரத்தால் தூண்டி, படபடவென்று துடிக்கவிட்டாள். மருந்தை ஊற்றினாள். டக் டக் டக். ஒரு மாற்றமும் இல்லை. சரி, இயந்திரம் சொன்னதுதான் சரி என்று நிறுத்தக் கையை நீட்டியபோது தங்கையின் போன் வந்தது.

"அக்கா, உட்கார்ந்திருக்கியா? ரெட்டைப் பிள்ளைங்களாம்."

எவ்வளவோ காலம் காத்திருந்தவள் அந்தத் தங்கை. இருவரும் சிரித்தார்கள், அழுதார்கள், மறுபடி சிரித்தார்கள். ஒரு தொட்டில் போதுமா, எது எதைக் கடிக்கும் என்றெல்லாம் பேச்சு ஓடியது. நடுவில் தங்கை கேட்டாள்: "பின்னாடி என்னமோ டக்டக்குன்னு கேட்டுட்டே இருந்துச்சே, இப்ப காணோமே?"

அவள் திரும்பினாள். அறை அமைதியாக இருந்தது. செல் செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். திரையில் பார்த்தால் உயிரோடு சுகமாக இருந்தது. கத்துவதை மட்டும் விட்டிருந்தது. போனைக் காதில் இடுக்கியபடியே மருந்தைக் கழுவிவிட்டாள், டக்டக் திரும்பிவந்தது. மறுபடி மருந்து ஊற்றிப் பொறுத்திருந்தாள். மெல்ல மெல்ல அடங்கியது.

அப்போதுதான் விளங்கியது. இயந்திரம் செல்லை ஒரு தட்டு தட்டிவிட்டு ஓய்வு கொடுக்கும்; அதனால்தான் அதற்கு இது பிடிபடவில்லை. இந்த மருந்தோ, ஓயாமல் கத்துகிற செல்லின் வாயைத்தான் பொத்தும். சும்மா இருக்கிற செல் பக்கமே போகாது. வலி மருந்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

"அடியே, அப்புறம் கூப்பிடுறேன்" என்று போனை வைத்துவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினாள்.

மேலதிகாரி சுலபத்தில் மசிகிறவர் இல்லை. குடுவைகளில் பெயர் எழுதாமல், எதில் மருந்து, எதில் வெறும் கரைசல் என்று அவளுக்கே தெரியாமல் வைத்துச் சோதிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் அவள் சரியாகச் சொன்னதும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முழுச் சுற்று சுற்றினார். அவர் பல் தெரியச் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. சமையல்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஜலதோஷம்" என்றார்.

அந்த மூலக்கூறே மருந்தாகிவிடவில்லை. ஈரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வருஷக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்து, அதற்குப் பேத்தி முறையாகிற ஒன்றுதான் நோயாளிகளிடம் போனது. காற்றுப் பட்டாலே முகத்தில் மின்னல் வெட்டுகிற மாதிரி வலிக்கும் ஆட்கள் அவர்கள்.

முதல் முடிவுகள் வந்த காலையில், மருந்துச் சோதனையை நடத்திய மருத்துவமனைக்காரர் போனில் பேசினார். பாதிப் பேருக்கு மேல் வலி குறைந்திருக்கிறது. "ஒரு அம்மா வந்தாங்க. ஃபேனுக்கு நேரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டாங்க."

இன்னும் பெரிய சோதனை பாக்கி. கடைக்கு வருமா என்பது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அதெல்லாம் அவள் தலையில் ஏறவில்லை. ஐம்பதைத் தாண்டியவள், கம்பெனி வாசலில் நின்ற காவலாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள்.

"என்ன மேடம், புரமோஷனா?"

"ஃபேன் காத்து" என்றாள் அவள், சிரிப்பை அடக்கமாட்டாமல்.