விறகுக்குள் போன பாம்பு

பென்சில்வேனியாவுக்குக் குடிவந்த இரண்டாம் வருடம், தொண்ணூற்று ஆறில், என் ஏழு வயது மகள் நிலா பள்ளி விட்டு வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மண்புழுவைவிடச் சற்றே பெரிய பாம்பு. சாம்பல் உடம்பு, கழுத்தில் மஞ்சள் வளையம். நான் வாசற்படிக்குத் தாவி ஏறினேன். பின்னாலேயே வந்த பக்கத்து வீட்டு மார்த்தா, ‘ரிங்நெக், விஷமில்லை’ என்று சிரித்தாள். “காரமடை ரங்கநாதா!” என்று கைகூப்பினேன். பாம்பைத்தான் கும்பிடுகிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். அன்றிலிருந்து தோட்டத்துக் காட்டோரத்தில் எந்தக் கட்டையைப் புரட்டினாலும் தரிசனத்துக்கு என்னைக் கூப்பிடுவாள்.

என்ன செய்ய, போனேன். போகப் போகப் பயம் தெளிந்தது. ஈரச் சருகுக்கு அடியில் மண்புழு தின்று கிடக்கும் பிராணி. மிரட்டினால் வாலைச் சுருட்டிச் செம்மஞ்சள் அடிப்பக்கத்தைக் காட்டும், அவ்வளவுதான் அதன் வீரம். நூலகத்தில் பாம்புப் புத்தகங்கள் எடுத்தேன். நம் ஊர்ப் பாம்புகளைப் பற்றியும் அங்கேதான் படித்தேன். வெட்கக்கேடு! காரமடையில் இருந்த இருபத்தைந்து வருடமும் பாம்பென்றால் அடிக்க வேண்டியது என்று மட்டுமே எனக்குத் தெரியும்.

அடுத்த கோடையில் காரமடைக்கு, அக்கா வீட்டுக்குப் போனோம். மூன்றாம் நாள், வீட்டுக்குப் பின்னால் அக்கா விறகு உருவியபோது பட்டை பட்டையாக ஒரு சின்னப் பாம்பு வெளியே வந்தது. நிலா குனிந்து கை நீட்டினாள். பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அக்கா வீட்டுக்காரர் தடியோடு ஓடிவந்தார்.

“தள்ளிக்க அம்மணி, கட்டுவிரியனாட்ட இருக்குது!”

“இருங்க மாமா, அடிச்சுப்போடாதீங்க!”

மறு கையால் தடியைப் பிடித்துக்கொண்டேன். கட்டுவிரியனுக்குப் பட்டைகள் கழுத்துப்பக்கம் மங்கி, வால்பக்கம் தெளியும். இதற்குக் கழுத்தில்தான் அகலப் பட்டை, போகப்போக மங்கியது. வெள்ளிக்கோல் வரையன்; பல்லி தேடி வீட்டுக்குள் வருகிற சாது. “விஷமில்லீங்க” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அது விறகுக்குள் போய்விட்டது.

மாமா தடியைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார். அக்காதான் கேட்டாள்.

“நீ பத்து நாள்ல பிளேன் ஏறிப்போடுவ கண்ணு. நாளைக்கும் இந்த வெறகுல கை வெக்கறது நானுதானே?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே எடுத்துத் தருகிறேன் என்று, சுவரிலிருந்த தடியையும் எடுத்துக்கொண்டு குவியலின் முன்னால் உட்கார்ந்தேன்.

“விஷமில்லைன்னுதானேம்மா சொன்னே?” என்றாள் நிலா.

“ஆமாம்” என்றேன். என்றாலும் ஒவ்வொரு விறகையும் மாமாவின் தடியால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டேன். ஒரு பக்கம் மகள், மறு பக்கம் அக்கா. இருவரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.